பொறுத்தல்: எபிரேய மறையின் பாவக் கருத்தும் காவிரிக் கரையின் இரண்டு கதைகளும்

மேட்டூர் அணை திறந்து, காவிரித் தண்ணீர் வெண்ணாறாகப் பிரிந்து, பாமணியாற்றில் இறங்கி, மன்னார்குடியைச் சுற்றியுள்ள வாய்க்கால்களை எட்டும் நாளில், உழவர் மண்வெட்டியோடு முதலில் போய் நிற்கும் இடம் வரப்பு. கோடையில் வெடித்தும், எலி வளை விழுந்தும், கோரையும் அறுகும் மண்டியும் கிடக்கும் வரப்பின் பக்கவாட்டைச் செதுக்கி எறிந்துவிட்டு, சேற்றை அள்ளி அப்பி மெழுகினாற்போல் பூசுவதை எங்கள் பக்கத்தில் அண்டை வெட்டி அண்டை கட்டுதல் என்பார்கள். இந்த வேலையில் ஒரு நுட்பம் உண்டு. தன் வயற்பக்கத்து முகத்தை விரற்கடை கூடுதலாகச் செதுக்கிவிட்டு, செதுக்கிய அளவுக்குச் சேறு அப்பாமல் விட்டால் வரப்பு மெலியும். மெலிந்த வரப்பு உடைந்து வயல்நீர் வடிந்துவிடுமே என்று அஞ்சி, அடுத்த வயற்காரர் தம் பக்கத்தில் மண் வைத்துக் கட்டுவார். இப்படிப் பத்தாண்டு கழியும்போது, யாரும் ஒரு நாளும் வரப்பை வெட்டி எறியாமலே, வரப்பு ஒரு முழம் நகர்ந்திருக்கும்.

என் பாட்டனாரின் வயலுக்குக் கிழக்கு வரப்பு அப்படி நகர்ந்தது. நகர்த்தியவர் ஊரில் மதிப்பானவர்; ஒரு தை அமாவாசைக்கு ராமேஸ்வரம் போய், இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடித் திரும்பி, தெருவில் வீட்டுக்கு வீடு தீர்த்தம் கொடுத்து வந்தபோது எங்கள் வீட்டுக்கும் கொடுத்தார். பாட்டி அதைக் கண்ணில் ஒற்றி வாங்கிப் பூஜை மாடத்தில் வைத்தாள். அவர் தெருமுனை திரும்பிய பிறகு பாட்டனாரைப் பார்த்து, "ராமேஸ்வரம் வரைக்கும் போய் வந்தவருக்கு நம்ம கெழக்கு வரப்பு வரைக்கும் வர வழி தெரியலையே" என்றாள். அதில் ஏளனம் இல்லை. அவருடைய பக்தியையும் அவள் ஐயுறவில்லை. வருத்தம் மட்டுமே இருந்தது. கடலும் இருபத்திரண்டு கிணறுகளும் கழுவியது எதை, கழுவாமல் விட்டது எதை என்ற அவளுடைய அந்த வினா, பல ஆண்டுகளுக்குப் பின் எபிரேய மறைநூலை ஊன்றிப் படிக்கத் தலைப்பட்டபோது, ஏறக்குறைய அதே வடிவில் என்னை எதிர்கொண்டது.

யூதர்களின் மறையில் பாவம் என்பது யாது என்ற பேச்சு நம்மவரிடையே எழும்போதெல்லாம், அது கிறிஸ்தவ இறையியலின் வழியாகவே எழுகிறது. ஆதலால் மனிதன் பிறக்கும்போதே பாவியாகப் பிறக்கிறான் என்பதுதான் அந்த மறையின் அடிப்படை என்று பலரும் எண்ணிவிடுகின்றனர். எபிரேய மூலத்தை நோக்கினால், ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்ட அத்தியாயத்தில் பாவம் என்னும் சொல்லே வருவதில்லை. அச்சொல் முதன்முதலாக வருவது அதற்கடுத்த அத்தியாயத்தில், காயீன் தன் தம்பி ஆபேலைக் கொல்வதற்குச் சற்று முன்னர். இரண்டு மனிதர், ஒருவன் கையால் மற்றொருவனுக்கு நேரப்போகும் தீங்கு, அந்த இடத்தில்தான் அந்தச் சொல் பிறக்கிறது. என் கருத்தில் இது தற்செயலன்று. தீங்கிழைத்தவனுக்கும் இறைவனுக்கும் இடையே மட்டும் நடந்து முடிகிற காரியமாகப் பாவத்தை அந்த மறை பெரும்பாலும் காண்பதில்லை. தீங்குக்கு ஆளானவன் அங்கே எப்போதும் மூன்றாம் ஆளாக நின்றுகொண்டிருக்கிறான். அவனைச் சுற்றிக்கொண்டு இறைவனிடம் போய்ச் சேரும் வழி ஒன்று உண்டா என்பதே அந்த மறைநூல் தன்னோடு தானே நடத்தும் நீண்ட வாதம்.

வரப்பையே எடுத்துக்கொள்வோம். பிறனுடைய எல்லைக் குறியை நகர்த்தலாகாது என்று உபாகமம் 19ஆம் அத்தியாயத்தில் விதிக்கிறது. 27ஆம் அத்தியாயத்தில், லேவியர் உரத்த குரலில் சாபங்களைச் சொல்ல, ஜனங்கள் எல்லாரும் ஒவ்வொன்றுக்கும் ஆமென் சொல்ல வேண்டிய அந்த நீண்ட பட்டியலில், எல்லைக் குறியை நகர்த்தியவன் மீண்டும் வருகிறான். அவனோடு அப்பட்டியலில் இருப்பவர் யாரென்று பார்த்தால், ஒளிப்பிடத்தில் விக்கிரகம் வைத்தவன், குருடனை வழி தப்பச் செய்தவன், மறைவாகத் தன் அயலானைத் தாக்கியவன் முதலானோர். அதாவது, சாட்சியில்லாத காரணத்தால் நியாயஸ்தலத்துக்கு அகப்படாதவர்கள். மண்வெட்டி எத்தனை ஆழம் இறங்கியது என்பது பிடித்த கைக்கு மட்டுமே தெரிந்த இடத்தில், ஊர் முழுதும் ஒரே குரலில் ஆமென் சொல்வது தவிர வேறு வழியில்லை என்பதை அந்தப் பழைய உழவர் சமுதாயமும் உணர்ந்திருந்தது.

சாபத்தோடு விட்டுவிடவில்லை, பரிகாரமும் சொல்லியிருக்கிறது. லேவியராகமத்தின் 6ஆம் அத்தியாயத் தொடக்கத்தில், தன்னிடம் ஒப்புவித்த பொருளை இல்லையென்று சாதித்தவன், பிறனைப் பறித்தவன், கண்டெடுத்ததை மறைத்துப் பொய்யாணையிட்டவன் ஆகியோருக்கு விதித்திருப்பதைக் கூர்ந்து நோக்க வேண்டும். எடுத்ததை முழுதாகத் திருப்பிக் கொடுத்து, அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி, உரியவன் கையிலேயே சேர்ப்பிக்க வேண்டும். அதன் பின்னரே பழுதற்ற ஆட்டுக்கடாவைக் குற்றநிவாரண பலியாக ஆசாரியனிடம் கொண்டுவர வேண்டும். எங்கள் ஊர்க் கணக்கில் சொன்னால், ஐந்து குழி நிலம் எடுத்தவன் ஆறு குழியாக விட்டுவிட்டுத்தான் கோயிற்படி ஏறலாம். இந்த வரிசை மாறக்கூடாது. யாத்திராகமத்தின் 22ஆம் அத்தியாயத்தில் கையும் களவுமாகப் பிடிபட்டவன் இரட்டிப்பாகவும், ஆட்டைத் திருடி விற்றவன் நான்கு மடங்காகவும், மாட்டைத் திருடி விற்றவன் ஐந்து மடங்காகவும் கொடுக்க வேண்டும் என்றிருக்க, இங்கே ஐந்தில் ஒரு பங்கு போதும் என்றிருப்பது ஏன்? லேவியராகமத்துக்கு விரிவான உரை கண்ட ஜேக்கப் மில்க்ரம் என்னும் யூத அறிஞர், தானே மனம் நொந்து முன்வந்தவனுக்கு இது என்று விளக்குகிறார். பிடிபடுவதற்கு முன்னர் தானாகத் திரும்பி வருபவனுக்கு வழியை அடைத்துவிடாமல், அபராதத்தை இளக்கி, கதவைத் திறந்து வைத்திருக்கிறது சட்டம்.

அபராதம் என்று நான் எழுதியது கைப்பழக்கத்தால்தான். எனினும் அந்தச் சொல்லைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். வடமொழியில் அபராதம் என்றால் குற்றம். தமிழில் அது குற்றத்துக்குக் கட்டும் தண்டத் தொகை. கோயிலில் அபராத க்ஷமாபணம் என்னும்போது முதற்பொருளும், நீதிமன்றத்தில் அபராதம் விதித்தார்கள் என்னும்போது இரண்டாம் பொருளும் ஒரே நாவில் புழங்குகின்றன. எபிரேயத்தில் 'ஆவோன்' என்னும் சொல்லும் இப்படியே இருதலையுடையது. கோணல் என்னும் வேரிலிருந்து வந்த அது, செய்த அக்கிரமத்தையும், அதனால் தலையில் ஏறும் குற்றப் பொறுப்பையும், அதற்குக் கிட்டும் தண்டனையையும் ஒருசேரக் குறிக்கும். தம்பியைக் கொன்ற காயீன் தன் ஆவோன் சுமக்க முடியாத அளவு பெரிது என்று இறைவனிடம் முறையிடும்போது, குற்றம் பெரிதென்கிறானா, தண்டனை பெரிதென்கிறானா என்று உரைகாரர்கள் இன்றளவும் வழக்காடுவதற்குக் காரணம் இதுவே. செய்தது வேறு, அதன் விளைவு வேறு என்று பிரிக்கும் மனப்போக்கு அந்த மொழிக்கு இல்லை.

ஆவோனோடு இன்னும் இரண்டு சொற்கள் அடிக்கடி சேர்ந்து வரும். ஒன்று 'ஹேத்'. குறி தப்புதல் என்பது அதன் வேர்ப்பொருள். நியாயாதிபதிகள் நூலின் 20ஆம் அத்தியாயத்தில், மயிரிழை அளவும் தப்பாமல் கவண்கல் எறியத்தக்க 700 இடதுகைக்காரர் பென்யமீன் குலத்தில் இருந்தார்கள் என்று சொல்லுமிடத்து, தப்பாமல் என்பதற்கு வருவது இதே வேர்தான். மற்றொன்று 'பேஷா'. மோவாப் தேசம் இஸ்ரவேலுக்கு அடங்காமல் கலகம் செய்தது என்று இராஜாக்கள் நூலில் எழுதியபோது வழங்கிய சொல் அது; ஆக, தெரிந்தே கட்டளையை உதறுதல்.

இம்மூன்றும் தமிழுக்கு வந்த வழி நம் ஆற்றுமுகத்தில்தான் தொடங்குகிறது. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லூதரன் போதகர் சீகன்பால்க், புதிய ஏற்பாட்டை முடித்து அச்சேற்றிவிட்டு, பழைய ஏற்பாட்டில் ரூத் வரையில் மொழிபெயர்த்த நிலையில் 1719இல் காலமானார். எஞ்சியதை முடித்தவர் சூல்ட்ஸ். பின்னர்ப் பாப்ரிஷியஸ் திருத்தினார். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாருக்குத் துணையாக ஆறுமுக நாவலர் அமர்ந்து மொழி செம்மை செய்தார். பவர் தலைமையிலான குழு 1871இல் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டது. சைவப் பழமான நாவலரும் லூதரன் போதகர்களும் ஒரே நூலின் சொற்களை நிறுத்துப் பார்த்தார்கள் என்பது நம் இலக்கிய வரலாற்றில் போதிய அளவு பேசப்படாத ஒன்று. பேஷாவுக்கு மீறுதல், ஆவோனுக்கு அக்கிரமம், ஹேத்துக்குப் பாவம் என்று பெரும்பாலும் நிலைபெற்றன. அக்கிரமம் என்பது கிரமம் குலைந்தது. மீறுதல் என்றவுடன் எதை என்ற கேள்விக்குத் தமிழ்க்காது வரம்பை என்று விடை சொல்லும். வரம்புதான் எங்கள் வாயில் வரப்பு. பாவம் என்ற சொல்லை மட்டும் அவர்கள் அப்படி எடுத்தாள முடியவில்லை. புண்ணியத்துக்கு மறுதலையாக, செய்தவன் கணக்கில் ஏறி, பிறவிதோறும் தொடர்ந்து, தீர்த்தத்தாலோ தானத்தாலோ தவத்தாலோ கழிவது என்ற பழம்பொருளைத் தன்னோடு சுமந்துகொண்டே அது அந்நூலுள் புகுந்தது. அப்பொருளில் தீங்குக்கு ஆளானவனுக்கு அவசியமான இடம் இல்லை. குறி தப்பிய கல்லுக்கோ, அது போய் விழுந்த இடம் ஒன்று உண்டு.

பாவத்துக்குச் சொல் தேடுகையில் தமிழ் இப்படி இடறினாலும், மன்னிப்புக்குச் சொல் தேடுகையில் அதனிடம் ஒரு பெருஞ்செல்வம் இருந்தது. எபிரேயத்தில் மன்னித்தலைக் குறிக்கும் 'ஸலாஹ்' என்னும் வினைக்கு மறைநூல் முழுதும் எழுவாய் இறைவன் ஒருவனே. மனிதன் மனிதனை மன்னிக்கும் இடத்தில் அது வருவதில்லை. அங்கே வருவது 'நாஸா' என்னும் வினை. அதன் பொருள் தூக்குதல், சுமத்தல். பாவம் செய்தவன் தன் ஆவோனைச் சுமப்பான் என்று தண்டனை கூறும்போதும் அவ்வினையே. யோசேப்பின் சகோதரர்கள் தாங்கள் செய்த தீங்கை மன்னிக்கும்படி அவனிடம் கெஞ்சும்போதும் அவ்வினையே. சீனாய் மலையில் மோசேக்கு இறைவன் தன் இயல்பை அறிவிக்கும்போது, அக்கிரமத்தையும் மீறுதலையும் பாவத்தையும் மன்னிப்பவன் என்று நாம் படிப்பது, மூலத்தில் அவற்றைச் சுமப்பவன். ஒருவன் தோளிலிருக்கும் பாரத்தை மற்றொருவன் தன் தோளுக்கு மாற்றிக்கொள்வதே மன்னிப்பு. பாரம் மாயமாய் மறைந்துபோவதில்லை. தமிழில் பொறுத்தல் என்றால் என்ன? தாங்குதல்; மன்னித்தல். பொறை என்றால் பாரமும் ஆகும், பொறுமையும் ஆகும், நிலமும் ஆகும். வள்ளுவர் பொறையுடைமைக்கு உவமை தேடியபோது, தன்மேல் மண்வெட்டி இறங்கினும் வெட்டுபவனையே சுமந்து நிற்கும் மண்ணைச் சுட்டிக் காட்டினார். சந்நிதியில் கைகூப்பிப் பொறுத்தருள வேண்டும் என்கிறோம். வீட்டில், கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிறோம். நாஸா என்னும் எபிரேயச் சொல்லை இவ்வளவு நெருக்கமாகத் தழுவும் சொல் பிற மொழிகளில் எளிதில் கிட்டாது. மொழிபெயர்த்த பெரியோர் இதை விடுத்து மன்னித்தலைப் பெருக வழங்கியது எனக்குத் தீராத குறை.

பாரம் எங்கே போகிறது என்ற வினாவுக்கு லேவியராகமத்தின் 16ஆம் அத்தியாயம் ஒரு காட்சியையே விடையாக வைத்திருக்கிறது. ஏழாம் மாதம் பத்தாம் நாள், இன்று யூதர்கள் யோம் கிப்பூர் என்று உபவாசம் இருக்கும் நாள், இரண்டு வெள்ளாட்டுக்கடாக்களை நிறுத்திச் சீட்டுப் போடுவார்கள். ஒன்று இறைவனுக்குப் பலி. மற்றதன் தலைமேல் பிரதான ஆசாரியன் இரு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்கள் எல்லாவற்றையும் வாய்விட்டு அறிக்கையிட்டு, அவற்றை ஆட்டின் தலையில் ஏற்றி, ஓர் ஆள் வசம் வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். மன்னார்குடியில் வெஸ்லியன் மிஷனார் நடத்தி, இன்று பின்லே பெயரைத் தாங்கி நிற்கும் பள்ளியில் படித்த காலத்தில்தான் இந்த ஆட்டுக்குத் தமிழ் விவிலியம் இட்ட பெயரை நான் முதலில் கண்டேன்: போக்காடு. போக்கிவிடும் ஆடு என்றும் கொள்ளலாம். சாக்காடு என்பதுபோல், போதல் என்னும் செயலுக்கே பெயர் என்றும் கொள்ளலாம். அசாசேல் என்னும் எபிரேயப் பெயரின் பொருள் குறித்து அறிஞர்கள் ஓயாது வாதிட்டுக்கொண்டிருக்க, தரங்கம்பாடி மரபில் வந்தவர்கள் இரண்டு பொருளும் ஒலிக்கும் ஒரே சொல்லில் அதை முடித்துவிட்டார்கள்.

போக்காடு கொண்டுபோனது எல்லாவற்றையுமா? வரப்பை நகர்த்தியவன் அன்றைக்கு உபவாசம் இருந்துவிட்டால் போதுமா? இந்த வினாவோடு நம் பக்கத்து இரண்டு தலங்களுக்குப் போய்வர வேண்டும்.

திருவிடைமருதூர் மகாலிங்க சுவாமி கோயிலில், கிழக்கு வாயிலால் நுழைந்தவர் அதே வாயிலால் திரும்புவதில்லை. வரகுண பாண்டியனின் குதிரை, வழியில் கிடந்த ஓர் அந்தணரை மிதித்துக் கொன்றது. அரசன் அறியாமல் நேர்ந்ததே எனினும் பிரமஹத்தி அவனைப் பற்றிக்கொண்டது. இடைமருதில் அவன் கிழக்கு வாயிலுக்குள் நுழைந்ததும் பிரமஹத்தி உள்ளே வர மாட்டாமல் வெளியே நின்றது. இறைவன் ஆணைப்படி அவன் வேறு வாயிலால் வெளியேறித் தப்பினான். அது இன்னும் அங்கேயே காத்திருக்கிறது என்பது ஐதிகம். பாவத்தை ஓர் உருவாக, பின்தொடரும் பொருளாக, வாசலில் அமர்ந்து காத்திருப்பதாகக் கண்ட அந்தக் கற்பனையை நான் மிகவும் மதிக்கிறேன். காயீனை எச்சரிக்கும் இறைவனும் பாவம் வாசலில் படுத்திருக்கிறது என்ற உருவகத்தையே எடுத்தாள்கிறான் என்பது வியப்புக்குரியது. ஆயினும் அந்தத் தலபுராணத்தைக் கேட்கும்போதெல்லாம் என் மனம் குதிரையின் குளம்படியிலேயே நின்றுவிடுகிறது. மாண்ட அந்தணருக்கு மனைவி இருந்தாளா, மக்கள் இருந்தார்களா, அவர்களுக்கு யார் சோறு போட்டார்கள் என்று அந்தக் கதையில் ஒருவரும் கேட்பதில்லை.

திருவாரூர்க் கதையில் கேட்கிறார்கள். கேட்பது ஒரு பசு. இளவரசன் தேர்க்காலில் கன்று அகப்பட்டு மாண்டபின், தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்கு வந்து ஆராய்ச்சி மணியைக் கொம்பால் அசைக்கிறது. சேக்கிழார் சொல்லும் இந்த வரலாற்றில் பலரும் கவனியாமல் கடந்துபோகும் இடம், அமைச்சர்கள் அரசனுக்குக் கூறும் யோசனை. பசுவைக் கொன்றவர்க்கு அந்தணர் விதித்த பிராயச்சித்தம் நூலில் உண்டு. அதைச் செய்வதே முறை என்கிறார்கள். சாஸ்திரப்படி அதில் தவறொன்றும் இல்லை. மனுச்சோழன் அதை ஏற்கவில்லை. தன் மகனுக்குப் பிராயச்சித்தம் என்றும், வேறொருவன் இதையே செய்தால் மரணம் என்றும் தீர்ப்பதா என்று வினவி, கன்றை இழந்த பசு அடையும் அதே துயரத்தைத் தானும் அடைவதே நீதி என்று துணிகிறான். ஏவப்பட்ட அமைச்சர் அதைச் செய்ய மாட்டாமல் தம் உயிரை விட, அரசன் தானே மகன்மீது தேரை ஊர்கிறான். இலங்கையின் மகாவம்சமும் எல்லாளனுக்கு இதே கதையைச் சொல்கிறது. மகனைக் கொல்வது நீதியா என்று இன்றைய மனம் நடுங்குவது இயல்பே. எனக்கும் அது உடன்பாடன்று. நான் இங்கே கருதுவது மணியை. குற்றவாளியின் ஆன்மா எப்படிச் சுத்தியாகும் என்பதன்று அங்கே கேள்வி. பசுவுக்கு என்ன பதில் என்பது. அறியாமல் நேர்ந்த கொலையை மறையறிந்தோர் பிராயச்சித்தத்தால் தீர்க்க முன்வர, அதைத் தடுத்து நிறுத்தியது வாயில்லாத ஒரு ஜீவனின் முறையீடு. கொலைகாரனுடைய உயிருக்கு ஈடாகப் பொருள் வாங்கலாகாது என்று எண்ணாகமத்தின் 35ஆம் அத்தியாயம் வகுத்த விதிக்கும் மனுச்சோழன் மறுப்புக்கும் அடியில் ஓடுவது ஒரே நீரோட்டம் என்றே எனக்குப் படுகிறது.

எபிரேய மறையில் மணி அடிக்கப் பசு இல்லை. நாத்தான் என்னும் தீர்க்கதரிசி இருந்தான். தாவீது அரசன் பத்சேபாளைக் கவர்ந்து, அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் தனித்து விடச் செய்து மாள வைத்தபின், நாத்தான் வந்து ஒரு வழக்குச் சொல்கிறான்: ஏழையொருவன் மகள்போல் மடியில் வளர்த்த ஒற்றை ஆட்டுக்குட்டியை, மந்தைகள் உடைய செல்வன் விருந்தாளிக்காகப் பறித்து அறுத்துவிட்டான். அரசன் சினந்து, அவன் சாகத்தக்கவன், நான்கு மடங்கு கொடுக்க வேண்டும் என்று சட்டப்படியே தீர்ப்பளிக்க, அந்த மனிதன் நீயே என்கிறான் நாத்தான். தாவீதின் விடை எபிரேயத்தில் இரண்டே சொற்கள். கர்த்தருக்கு விரோதமாகப் பாவம் செய்தேன் என்பது. பாண்டியன் நெடுஞ்செழியன் கண்ணகியின் சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கப் பரலைக் கண்டு, தானே கள்வன் என்று தன்மேல் தீர்ப்புச் சொல்லி அந்தக் கணமே உயிர் துறந்தான். தாவீது மாளவில்லை. அவன் பாவம் கடந்து போகும்படி செய்யப்பட்டது, அவன் சாக மாட்டான் என்கிறான் நாத்தான். ஆனால் பிறந்த குழந்தை சாகும், அவன் வீட்டைவிட்டுப் பட்டயம் விலகாது. மன்னிப்பு உண்டு, விளைவு நீங்குவதில்லை. நான்கு மடங்கு என்று அவன் விதித்ததை அவன் பிள்ளைகளில் நால்வருக்கு நேர்ந்த கேட்டோடு பொருத்திக் கணக்கிட்டார்கள் பிற்கால யூத மறையாசிரியர்களான ரபிமார். அந்தக் குழந்தை என்ன பாவம் செய்தது என்ற கேள்விக்கு என்னிடம் விடையில்லை. பிற்காலத்து எசேக்கியேல், தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்று ஓர் அத்தியாயம் முழுக்க உறுதியாக வாதாடியதற்கு இத்தகைய கதைகள் உறுத்தியதும் ஒரு காரணமாய் இருந்திருக்கலாம்.

உரியாவோ மாண்டவன் மாண்டவனே. அவனிடம் பொறுத்துக்கொள் என்று கேட்க வழியில்லை. இந்த இடத்தை ரபிமார் மறக்கவில்லை. கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்து, ஆட்டுக்கடாக்களும் ஆசாரியனும் இல்லாதொழிந்த பின்னர்த் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பில், யோம் கிப்பூர் நாள் மனிதனுக்கும் இறைவனுக்கும் இடைப்பட்ட பாவங்களைத்தான் தீர்க்கும், மனிதனுக்கும் மனிதனுக்கும் இடைப்பட்டவற்றை, நொந்தவனைத் தேற்றிச் சமாதானம் செய்துகொள்ளும் வரையில் தீர்க்காது என்று வரையறுத்தார்கள். 12ஆம் நூற்றாண்டில், அதாவது சேக்கிழார் வாழ்ந்த அதே நூற்றாண்டில், யூத அறிஞர் மைமோனிடிஸ் இதற்கு நடைமுறை வகுத்தார். நொந்தவன் இணங்காவிட்டால் நண்பர் மூவரை அழைத்துக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் அப்படியே. அவன் இறந்திருந்தால், பத்துப் பேரை அழைத்துப்போய் அவன் கல்லறை முன் நின்று, இறைவனுக்கும் இவனுக்கும் விரோதமாக இன்னது செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பணம் பட்டிருந்தால் வாரிசிடம் சேர்க்க வேண்டும். இதைப் படித்தபோது என் பாட்டியின் குரல் மீண்டும் கேட்டது. ராமேஸ்வரத்துக்கும் கிழக்கு வரப்புக்கும் இடையிலுள்ள வழியை இவர்கள் அடி அடியாக அளந்து வைத்திருக்கிறார்கள்.

குற்றவாளி இன்னானென்று தெரியாத இடத்தில் என்ன செய்வது? உபாகமத்தின் 21ஆம் அத்தியாயம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. வெட்டவெளியில் ஒரு பிணம் கிடக்கிறது, கொன்றவன் யாரென்று தெரியவில்லை. மூப்பரும் நியாயாதிபதிகளும் புறப்பட்டு வந்து, பிணத்திலிருந்து சுற்றிலுமுள்ள ஊர்களுக்குத் தூரம் அளக்க வேண்டும். எந்த ஊர் கிட்ட இருக்கிறதோ அந்த ஊர் மூப்பர், நுகத்தில் பூட்டாத கடாரியை, உழாததும் விதையாததுமான பள்ளத்தாக்குக்கு ஓட்டிச் சென்று, ஓடும் நீரருகே அதன் கழுத்தை முறித்து, அதன்மேல் கைகளைக் கழுவி, இந்த இரத்தத்தைச் சிந்தியது எங்கள் கைகள் அல்ல என்று சொல்ல வேண்டும். மிஷ்னா இங்கே ஒரு வினாவை எழுப்புகிறது. மூப்பர்களைக் கொலைகாரர் என்று யார் நினைத்தார்கள், அவர்கள் ஏன் கைகழுவ வேண்டும்? அதன் விடை, அவன் எங்களிடம் வந்தபோது சோறில்லாமல் அனுப்பவில்லை, துணையில்லாமல் விடவில்லை என்று அவர்கள் சொல்வதாகக் கொள்ள வேண்டும் என்பது. கத்தி பிடித்தவன் கையை விட்டு, பசியோடு அவனைப் போகவிட்ட ஊரின் கையை நோக்கிப் பார்வையைத் திருப்புகிறார்கள்.

1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில், கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டுச் செங்கொடியின்கீழ்த் திரண்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 தலித்துகள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டனர். கீழ் நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் நிலவுடைமையாளர்களை விடுவித்தது. 44 பேர் மாண்டார்கள், அவர்களைக் கொன்றவர் என்று சட்டம் தண்டித்து நிறுத்தியவர் ஒருவரும் இல்லை. அப்படியானால் அளவுகோலை எடுக்க வேண்டிய இடம் இது. மன்னார்குடியைக் காட்டிலும், மணியடித்த பசுவின் ஊரான திருவாரூர் கீழ்வெண்மணிக்கு இன்னும் கிட்ட இருக்கிறது. யோம் கிப்பூர் வழிபாட்டில் யூதர்கள் பாவ அறிக்கையை ஒருமையில் சொல்வதில்லை, நாங்கள் செய்தோம் என்று பன்மையில்தான் சொல்கிறார்கள் என்பதை அறிந்தபோது, அது ஒரு வழிபாட்டு மரபு என்ற அளவில்தான் குறித்து வைத்திருந்தேன். கீழ்வெண்மணி நினைவிடத்தில் பெயர்களைப் படித்துக்கொண்டு நின்றபோது அந்தப் பன்மை வேறுவிதமாக ஒலித்தது.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளை மரக்கால் உண்டு. குத்தகை நெல் வாங்கும்போது அம்பாரமாய்க் குவித்து அளப்பதும், கூலி நெல் கொடுக்கும்போது கோலால் வழித்துத் தலைதட்டி அளப்பதும் அந்நாளைய வழக்கம். சிறுவனாகக் களத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதில் வேறுபாடு இருப்பதாகவே அப்போது தோன்றவில்லை. கிழக்கு வரப்பை எண்ணி வருந்திய அதே வீட்டின் களம்தான் அது. போன தை மாதம், வீட்டை ஒழுங்கு செய்கையில், அந்த மரக்காலைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்தேன். வாயின் விளிம்பு, தலைதட்டிய கோல் ஆண்டுக்கணக்காகத் தேய்த்துத் தேய்த்து, ஒரு பக்கம் மழுங்கியிருந்தது.